தினம் பத்துச் சொல்

பழனியாத்தாளுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தே தீருவது என்று அவள் புருஷன் மோகன்குமார் முடிவெடுத்தது தொண்ணூற்று மூன்று ஆவணியில், ஒரு கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில். பட்டுப்புடவை சரசரக்க வந்த மில்காரர் வீட்டு அம்மாள் ஒருத்தி, வீடு எங்கே என்று இவளிடம் இங்கிலீஷில் கேட்டுவிட்டாள். பந்தியிலிருந்து எழுந்தவளிடம் வேறென்ன கேட்பார்கள் என்று நினைத்து, “சாப்ட்டேனுங்க” என்றாள் இவள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்றவள் சிரித்தாள். மோகன்குமார் தாம்பூலம்கூட வாங்காமல் அவளை ஸ்கூட்டரில் ஏற்றித் துடியலூர் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான். மறுநாள் காலையிலிருந்து வாசலில் இங்கிலீஷ் பேப்பர் விழுந்தது.

இத்தனைக்கும் அவளைப் பெண் பார்க்கப் போனபோது இங்கிலீஷ் தெரியுமா என்று அவன் கேட்கவில்லை. பெருந்துறைக்குப் பக்கத்தில் அவள் அப்பாவுக்கு இருந்த கிணற்றுப் பாசனத்தைத்தான் கேட்டான். பத்தாவது வரை தமிழில் படித்த பெண், ஒரே மகள், தென்னந்தோப்பு உண்டு, ஜாதகம் பொருந்துகிறது. போதும் என்று தாலி கட்டினான். பம்பு உடம்பு வார்க்கும் ஃபவுண்டரியில் பங்குக்குச் சேர்ந்து, பெரிய மனிதர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குப் பத்திரிகை வர ஆரம்பித்த பிறகுதான் பெண்டாட்டியின் பெயர் கூட அவனுக்கு உறுத்தியது. வெளியாட்கள் முன்னால் அவளைப் ‘பழனி’ என்று சுருக்கினான். அதுவும் ஆண்பிள்ளைப் பெயர்போல இருக்கவே கூப்பிடுவதையே விட்டுவிட்டான்.

பாடம் இப்படி நடந்தது. காலையில் காபி குடித்துக்கொண்டே அவன் பேப்பரில் பத்துச் சொற்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவான். முதல் பக்கத்தில் மூன்று, வியாபாரப் பக்கத்தில் நாலு, மீதி எங்காவது. அவன் ஃபவுண்டரிக்குப் போனதும் அவள் அகராதியில் பொருள் தேடி, வெல்டிங் ராடு கம்பெனி இனாமாகக் கொடுத்த டைரியில் ஒவ்வொன்றையும் பத்துமுறை எழுத வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பரீட்சை. அவன் நாற்காலியில், அவள் நின்றுகொண்டு. மோகன்குமார் கை நீட்டுகிறவன் இல்லை. அதைத் தன் பெருந்தன்மையாக நாலு பேரிடம் சொல்லிக்கொள்வான். அடிக்குப் பதிலாக அவனிடம் வேறொன்று இருந்தது. அவள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு வருஷத்துக்கு ஒருமுறை நாலு நாள் பிறந்த வீடு போவாள். இனித் தப்பாகச் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் அதில் அரை நாள் கழியும் என்றான்.

முதல் வாரத்திலேயே நாலு நாளும் தீர்ந்து, அடுத்த வருஷத்து நோம்பியில் கை வைத்தான். அந்தப் பங்குனியில் அவள் ஊரில் நோம்பிக் கம்பத்தைச் சுற்றி எல்லோரும் ஆடியபோது, இவள் துடியலூரில் ‘ஆர்டினன்ஸ்’ என்ற சொல்லைப் பத்தாவது முறையாக எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா போன் செய்து, ஏன் கண்ணு வரலை என்று கேட்டதற்கு, குழந்தைக்குச் சளி என்று பொய் சொன்னாள். குழந்தை லோகப்பிரியாவுக்கு அப்போது இரண்டரை வயது. அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மோகன்குமாருக்கே அந்தச் சொற்களில் பாதி தெரியாது. கொட்டேஷன், டெலிவரி, பெண்டிங், பேமென்ட் என்று ஃபவுண்டரியில் புழங்கும் முப்பது நாற்பது சொற்களைச் சுழற்றிச் சுழற்றிப் பேசியே பெரிய ஆளாகிவிட்டவன் அவன். பரீட்சை நேரத்தில் அகராதி எப்போதும் அவன் மடியில் திறந்தே இருக்கும். அவள் பதில் சொன்னதும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் சரி என்பான். இரண்டு மாதத்தில் அவள் இதைக் கவனித்துவிட்டாள். கவனித்ததை முகத்தில் காட்டவில்லை.

அவளுக்கோ அந்தச் சொற்கள் பிடித்துப்போய்விட்டன. பயத்தில் தொடங்கிய படிப்பு எந்த நாளில் ஆசையாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. வட்டமிட்ட பத்து முடிந்த பிறகு வட்டமிடாத சொற்களையும் பென்சிலால் குறித்துக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லையும் ஊரில் ஓர் ஆளோடு, ஒரு மாட்டோடு, ஒரு மரத்தோடு சேர்த்து முடிந்துவைத்தால் மறக்காது என்று கண்டுபிடித்தாள். ‘ஸ்டபர்ன்’ என்றால் ஏற்றத்தில் பூட்டினால் படுத்துக்கொள்ளும் அப்பாவின் மயிலைக்காளை. ‘டிரிஸில்’ என்றால் சோளக்கதிர் முற்றும்போது பெய்யும் தூறல். ‘அராகன்ட்’ என்ற சொல்லுக்கு மட்டும் ஊருக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஆள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். வரன் தேடும் விளம்பரம், காணாமல்போனவர் அறிவிப்பு, குழந்தை வளர்ப்புப் பத்தி, வேலைக்கு ஆள் தேவை என்று எதையும் விடாமல் படித்தாள். ஒரு வருஷத்தில் டைரி நிறைந்து இரண்டாவது டைரி கேட்டாள். பேச மட்டும் அவளுக்கு ஆள் கிடையாது. பத்துச் சொல்லுக்குப் பொருள் சொல்லலாம், இங்கிலீஷில் ஒரு வாக்கியம் பேசினால் அவன் காதைப் பொத்திக்கொள்வான்.

இவ்வளவையும் அவள் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. லோகப்பிரியாவை டவுன் கான்வென்டில் சேர்க்கப்போகிறார்கள். அங்கே பிள்ளையைவிடப் பெற்றவர்களைத்தான் கேள்வி கேட்பார்களாம். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராவிட்டால் ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். அந்த அறையில், பிரின்சிபாலுக்கு எதிரே, மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கேட்கிற கேள்விக்கு இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். லோகப்பிரியாவின் அம்மா நான்தான் என்று சொல்ல வேண்டும். குழந்தை தூங்கும் நேரத்தில் கண்ணாடி முன்னால் நின்று அந்த வாக்கியத்தைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்ப்பாள்.

அதைக் கெடுத்துக்கொண்டதும் அவள்தான் என்று பிற்பாடு அவளே நினைத்து நொந்ததுண்டு. தொண்ணூற்று நாலு செப்டம்பர் கடைசியில் சூரத்தில் பிளேக் என்று பேப்பர் முழுக்கச் செய்தி. ஃபவுண்டரியின் மூத்த பங்காளி வேங்கடசாமி வீட்டுக்கு வந்திருந்தார். வடக்கே சரக்கு அனுப்பலாமா கூடாதா என்று பேச்சு. பேப்பரில் ‘க்வாரன்டைன்’ என்று திரும்பத் திரும்பப் போடுகிறார்களே, அது என்ன தம்பி என்று அவர் கேட்டார். தெரியாது என்று சொல்லியிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது. அது ஒரு மாத்திரை, கேப்சூல் டைப், இப்போது கடையில் கிடைப்பதே இல்லை என்று மோகன்குமார் காலை ஆட்டிக்கொண்டே சொன்னான். காபியோடு வந்த பழனியாத்தாளுக்கு வாய் நிற்கவில்லை. வேங்கடசாமி போய் மருந்துக்கடையில் அந்த மாத்திரையைக் கேட்டு அவமானப்படுவாரே என்றுதான் நினைத்தாள். புருஷனின் மானத்தைக் காப்பதாகவே நினைத்தாள், பைத்தியக்காரி.

“அது மாத்திரை இல்லீங்க. சீக்கு வந்தவங்கள ஆரோடயும் சேராம ஒதுக்கி வெக்கறதுங்க.”

வேங்கடசாமி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “தம்பி, அம்மணி உன்னையவிட வெவரமா இருக்குதே” என்றார். மோகன்குமாரும் சிரித்தான். அவர் போன பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அகராதியை எடுத்தான். அன்று பத்து அல்ல, நாற்பது சொல் கேட்டான். பக்கத்தைப் புரட்டி, கண்ணில் பட்டதையெல்லாம் கேட்டான். அவள் நாலைந்தைத் தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். மகளுக்காகப் படித்த படிப்பை மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. நாற்பதுக்கும் சரியாகச் சொன்னாள். அவன் அகராதியை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினான். அதற்குப் பிறகு வட்டமும் இல்லை, பரீட்சையும் இல்லை. பேப்பர் மட்டும் நிற்கவில்லை, வேங்கடசாமி வந்தால் மேஜையில் கிடக்க வேண்டுமே.

தையில் கான்வென்ட் ஃபாரம் வந்தது. அம்மா பெயர் என்ற இடத்தில் மோகன்குமார் ‘புவனா, பி.காம்.’ என்று எழுதினான்.

புவனா அவனுடைய தங்கை. புருஷன் மஸ்கட்டில் வேலை. இவள் இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். டவுனில் பெண்கள் கல்லூரியில் படித்தவள், நுனிநாக்கு இங்கிலீஷ். அந்த நாளில் கோயமுத்தூரில் இது ஒன்றும் கேள்விப்படாத சங்கதி இல்லை. இன்டர்வியூவுக்குப் பெரியம்மாவையும் சித்தியையும் அம்மாவாக ஜோடித்துக் கூட்டிப்போன குடும்பங்கள் நிறைய. ஒரு நாள் கூத்து, சீட்டுக் கிடைத்ததும் மறந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் போனார்கள். கூடப்பிறந்தவளையே பெண்டாட்டி என்று உட்காரவைத்த மகாராஜன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான். ஃபாரத்தில் ஒட்ட ஸ்டுடியோவில் படமும் எடுத்தாயிற்று. அண்ணனும் தங்கையும் நாற்காலியில், நடுவில் லோகப்பிரியா.

விஷயம் தெரிந்தபோது பழனியாத்தாள் அழவில்லை. தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்ப நான் படிச்சதெல்லாம் எதுக்குங்க?”

“அது உன்ற அறிவுக்கு” என்றான் அவன்.

இத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இன்டர்வியூவுக்கு முதல் நாள் புவனா நோட்டும் பேனாவுமாக வந்து சேர்ந்தாள். அவள் கெட்டவள் இல்லை. கூச்சத்தில் முகம் சிவந்துதான் வந்தாள். நங்கையா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க என்று அண்ணியிடம் இரண்டு தரம் சொன்னாள். அப்புறம் கேட்க ஆரம்பித்தாள். குழந்தை பிறக்கும்போது எத்தனை கிலோ? எப்போது குப்புற விழுந்தது? முதல் பல் எப்போது? எதைப் பார்த்தால் பயப்படும்? தூங்குவதற்கு என்ன செய்ய வேண்டும்? அம்மாவுக்குத்தானே இதெல்லாம் தெரிந்திருக்கும், பிரின்சிபால் கேட்டால் என்ன சொல்வது என்றாள்.

பழனியாத்தாள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஈரோட்டு ஆஸ்பத்திரியில் பிறந்தபோது இரண்டே முக்கால் கிலோ, மிக்ஸி சத்தத்துக்கு அலறுவாள், இடது காதைத் தடவிக்கொடுத்தால்தான் தூக்கம். மூன்றரை வருஷம் தனக்கு மட்டுமே தெரிந்திருந்ததை இன்னொருத்தி நோட்டில் எழுதிக்கொள்வதை எதிரே உட்கார்ந்து பார்த்தாள். வயிற்றிலிருந்து பிள்ளையை இரண்டாம் தடவை எடுப்பதுபோல வலித்தது அவளுக்கு. பால்குடி மறக்கடித்தது எப்போது என்று கேட்டுவிட்டு புவனா பேனாவைக் கடித்தாள். அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பி.காமில் அது வரவில்லை.

“‘வீனிங்’னு சொல்லுங்க” என்றாள் பழனியாத்தாள்.

குழந்தை வளர்ப்புப் பத்தியில் பென்சிலால் குறித்த சொல் அது. மறுநாள் அந்த ஒரு சொல்லில் பிரின்சிபால் அசந்துபோனாராம், இவ்வளவு அக்கறையான தாயைப் பார்ப்பது அபூர்வம் என்றாராம். சீட்டுக் கிடைத்தது. மோகன்குமார் இரண்டு கிலோ மைசூர்பாகு வாங்கிவந்தான்.

ஒரு நாள் கூத்து என்று நினைத்தது ஒரு நாளில் முடியவில்லை. அந்தக் கான்வென்டில் பெற்றோர் கூட்டம் உண்டு, ரிப்போர்ட்டில் அம்மா கையெழுத்து உண்டு, ஆபீஸில் ஃபாரமும் படமும் பத்திரமாக உண்டு. பொய்த் தகவல் கொடுத்ததாகத் தெரிந்தால் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவோம் என்று ஃபாரத்தின் அடியிலேயே அச்சடித்திருந்தது. வீட்டில் அதைப் படித்துப் புரிந்துகொண்டவள் பழனியாத்தாள் ஒருத்திதான். ஆகவே பள்ளிக்கூடத்துப் பக்கமே அவள் தலை தெரியக் கூடாது. குழந்தையைப் பழக்குகிற வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது, பகலெல்லாம் வீட்டில் இருப்பவள் அவள்தானே. உன் மம்மி பேர் என்ன என்று கேட்பாள். புவனா என்று சொன்னால் பொரிகடலை உருண்டை ஒன்று கொடுப்பாள். நீதானே அம்மா என்று குழந்தை சிணுங்கினால் உருண்டை கிடையாது. மூன்று வாரத்தில் குழந்தை தப்பில்லாமல் சொன்னது. உருண்டையைக் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தது. ஆட்டோவில் போய் ஆட்டோவில் வந்தது குழந்தை. ஆடிக்காற்று அடிக்க ஆரம்பித்த ஒரு மத்தியானம் போன் வந்தது. லோகப்பிரியாவுக்குக் கடுமையான காய்ச்சல், உடனே அம்மாவை வரச்சொல்லுங்கள் என்றார்கள். மோகன்குமார் ராஜ்கோட் போயிருந்தான். புவனா கோபியில் மாமியார் வீட்டில். ஆட்டோக்காரனைத் தேடினால் ஆளில்லை. எது நடந்தாலும் நடக்கட்டும் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அவசரத்தில் கசங்கின வாயல் புடவையோடு, தலைகூட வாராமல்.

ஆபீஸ் அறை பெஞ்சில் குழந்தை சுருண்டு கிடந்தது. பக்கத்தில் வகுப்பு டீச்சர் சாஜிதா பேகம் ஈரக்கைக்குட்டையை நெற்றியில் வைத்து ஒற்றிக்கொண்டிருந்தாள். சின்ன வயசு, கனிவான முகம். பழனியாத்தாளைக் கண்டதும் குழந்தை “அம்மா” என்று கையை நீட்டியது. அவள் பாய்ந்து தூக்கிக்கொண்டாள். டீச்சர் எழுந்து ஃபாரத்தை எடுத்துப் படத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். ஆள் தெரியாமல் பிள்ளையை அனுப்பக் கூடாது என்பது சட்டம். நீங்கள் இந்தக் குழந்தைக்கு என்ன உறவு என்று இங்கிலீஷில் கேட்டாள்.

கேட்ட ஒவ்வொரு சொல்லும் பழனியாத்தாளுக்குப் புரிந்தது. கண்ணாடி முன்னால் ஒரு வருஷம் சொல்லிப் பார்த்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொல்லிவிட்டால் லோகப்பிரியாவின் படிப்பு அன்றோடு முடிந்தது. குழந்தையின் சூடு கழுத்தில் கொதித்தது. இங்கிலீஷில் இன்னொரு மனுஷியிடம் அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்.

“ஐ ஆம் தெயர் சர்வன்ட், மேடம். ஹர் மதர் இஸ் அவுட் ஆஃப் ஸ்டேஷன்.”

குழந்தை மறுபடியும் அம்மா அம்மா என்று முனகியது. பாவம், காய்ச்சலில் எல்லோரையும் அம்மா என்கிறது என்றாள் டீச்சர். பழனியாத்தாள் குழந்தையின் முதுகைத் தட்டினாள். அப்பாவின் காட்டில் களை எடுத்த மாசாணி, சின்னப்பிள்ளையாக இருந்த தன்னிடம் எப்படிப் பேசுவாளோ அந்தப் பேச்சு அவள் வாயில் தானாக வந்தது.

“அழுகாதீங்க சின்னம்மணி. அம்மா ஊர்ல இருந்து வந்துருவாங்க. வாங்க, ஊட்டுக்குப் போலாமுங்க.”

குழந்தை திகைத்துப்போய் அழுகையை நிறுத்தியது. டீச்சர் ஒரு ரிஜிஸ்டரை நீட்டினாள். அழைத்துப்போகிறவர் உறவு என்ற கட்டத்தில் பழனியாத்தாள் டைரியில் பழகிய அழகான கையெழுத்தில் அந்தச் சொல்லை எழுதினாள். உங்கள் இங்கிலீஷ் ரொம்ப நன்றாக இருக்கிறதே, எங்கே கற்றீர்கள் என்று டீச்சர் மனசாரக் கேட்டாள். பேப்பர் படித்து என்றாள். சொல்லும்போது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பாராட்டில் ஒரு கணம் மனம் குளிர்ந்துவிட்டதே என்றுதான்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் இதை மறக்காமல் புவனாவிடம் சொல்ல, புவனா அண்ணனிடம் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே கூசியது. மோகன்குமார் கண்ணில் நீர் வரச் சிரித்தான். சிரித்து முடித்ததும் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. இனி ஆட்டோ எதற்கு? பள்ளிக்கூடத்துக்குத்தான் ஆள் தெரிந்துவிட்டதே, இவளே போய்க் கூட்டிவரட்டும். கான்வென்டில் அதற்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். அட்டையில் அவள் படத்தை ஒட்டி, பெயரையும் உறவையும் தன் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டான். அப்புறம், பூட்டிவைத்த படிப்பு ஞாபகம் வந்ததுபோல, அட்டையை அவளிடம் நீட்டினான்.

“ஸ்பெல்லிங் சரியா இருக்குதான்னு பாரு.”

அவள் வாங்கிப் படித்தாள். “சரியா இருக்குதுங்க” என்றாள்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடக் கேட்டுக்குப் போனாள். மற்ற வீட்டு ஆயாக்களோடு சுவரோரமாக நிற்பாள். லோகப்பிரியா கெட்டிக்காரக் குழந்தை, ஒரு வாரத்தில் பழகிவிட்டது. கேட்டில் தோழிகளுக்கு நடுவே “ஆயா, பேக்” என்று பையை நீட்டும். மருந்துக்கடை வளைவு திரும்பி யாரும் கண்ணில் படாத இடம் வந்ததும் அம்மா என்று இடுப்பில் தாவி ஏறும். கேட்டிலிருந்து வளைவு வரை நூறடி இருக்கும். அந்த நூறடிதான் இவளுக்கு நாளிலேயே நீளமான தூரம். வளைவுக்காகத்தான் மத்தியானம் எப்போது வரும் என்று காத்திருப்பாள்.

கார்த்திகையில் ஒரு நாள் பையை வாங்கிக்கொண்டு நடந்தாள். வளைவு வந்தது. நின்று, குனிந்து, கையை நீட்டினாள். லோகப்பிரியா அன்று வகுப்பில் கற்ற பாட்டை முணுமுணுத்துக்கொண்டே முன்னால் நடந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்து, “கம் ஃபாஸ்ட், ஆயா” என்றது.

இங்கே யாரும் இல்லை கண்ணு, அம்மான்னே கூப்பிடு என்று சொல்ல வாயெடுத்தாள் பழனியாத்தாள். சொல்லி, பிள்ளை குழம்பிப்போய், நாளைக்குக் கேட்டிலேயே அப்படிக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, குழந்தைக்குப் பின்னால் வேகமாக நடந்தாள்.